பாய்க்கயிறும் வியாபாரியின் பொறுப்பும்

யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயார் கடை நடத்தும் நம் வியாபார சகோதரர்களில் பலருக்குக் கயிறு என்பது கடை மூலையில் கிடக்கும் ஒரு சில்லறைச் சாமான். பெயின்ட், பைப், தகரம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் கவனத்தைக் கயிற்றுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் குருநகர், நாவாந்துறை, பாசையூர் பக்கமிருந்து வரும் தொழிலாளிக்கு நங்கூரமும் வலையும் பாயும் அந்தக் கயிற்றை நம்பியே இருக்கின்றன. காற்று பலக்கும் நேரத்தில் பாய்க்கயிறு அறுந்தால் வள்ளம் மட்டுமல்ல, உயிரும் போகலாம். ஆகவே எந்த வேலைக்கு எந்தக் கயிறு என்பதை விற்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட "அன்னபூரணி" என்ற பாய்க்கப்பலைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கினார். 1937இல் இங்கிருந்து புறப்பட்ட அக்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அக்காலத்தில் கப்பல்களில் தும்பு, மணிலா போன்ற இயற்கை நார்க் கயிறுகளே பாவனையில் இருந்தன. அதே 1938இல்தான் டியூபோன்ட் நிறுவனம் நைலோனை உலகுக்கு அறிவித்தது. உலகப் போரில் பிலிப்பைன்ஸ் ஜப்பானியர் கைக்குப் போனதும் மணிலாக் கயிறு வருவது நின்றது. அதன்பின் நைலோன் கயிறு வேகமாகப் பரவியது.

இன்று வாடிக்கையாளர் எல்லாச் செயற்கைக் கயிற்றையும் "நைலோன் கயிறு" என்றே கேட்கிறார். அவர் கையில் பெரும்பாலும் போவது பொலிபுரொப்பிலீன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 12 மி.மீ. தடிப்புள்ள, மூன்று புரி முறுக்கிய புதுக் கயிறுகளை எடுத்துக்கொள்வோம். மணிலா சுமார் 1,000 கிலோ இழுவையில் அறும். பொலிபுரொப்பிலீன் சுமார் 2,000 கிலோ, பொலியெஸ்டர் சுமார் 2,300 கிலோ, நைலோன் சுமார் 3,000 கிலோ வரை தாங்கும்.

அப்படியானால் நைலோனே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நைலோன் நன்றாக இழுபடும். நங்கூரக் கயிற்றுக்கு அது நல்ல குணம், ஏனெனில் அலையின் உதறலைக் கயிறே வாங்கிக்கொள்ளும். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்கோ அது கெட்ட குணம். காற்று அழுத்தக் கயிறு நீளும், பாய் தொய்யும். மேலும் நைலோன் நனைந்தால் அதன் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பொலியெஸ்டர் அதிகம் நீளாது, நனைந்தாலும் பலம் குறையாது, வெயிலையும் தாங்கும். ஆஞ்சானுக்கும், பாயின் கீழ் மூலையைப் பிடிக்கும் தாமான் கயிற்றுக்கும் அதுவே பொருத்தம். பொலிபுரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், விலையும் குறைவு. வலையின் மிதப்புக் கயிற்றுக்கு அது நல்லது. ஆனால் வெயிலுக்குப் பாதுகாப்பு மருந்து சேர்க்காத கயிறாக இருந்தால், நம் ஊர் வெயிலில் ஓராண்டுக்குள்ளேயே பெருமளவு பலம் இழந்துவிடும்.

வெளிநாட்டுப் பாய்ப்படகுகளில் "டைனீமா" என்ற புதுவகைக் கயிறு வந்துள்ளது. அதே தடிப்புள்ள உருக்குக் கம்பிக்குச் சமமான பலம் இருந்தும் தண்ணீரில் மிதக்கும், துருப்பிடிக்காது. எனவே பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக்குப் பதிலாகவும் அதைக் கட்டுகிறார்கள். ஆனால் அது வழுக்கும் கயிறு, சாதாரண முடிச்சு அதில் நிற்காது. 150 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். தொடர்ந்து பாரம் தொங்கினால் மெல்ல மெல்ல நீளும். விலையும் அதிகம். நம் சிறு வள்ளங்களுக்கு இது அவசியமில்லை.

இனி, கணக்கைப் பார்ப்போம். கயிற்றைக் கிலோ விலையில் ஒப்பிடுவது ஏமாற்றும். மேலே சொன்ன 12 மி.மீ. தடிப்பில் ஒரு கிலோவுக்குப் பொலிபுரொப்பிலீன் சுமார் 15 மீற்றர் வரும். நைலோன் 11 மீற்றர், பொலியெஸ்டர் எட்டரை மீற்றர்தான் வரும். ஆகவே வாடிக்கையாளருக்கு மீற்றர் விலையையும், எத்தனை காலம் பாவிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருடா வருடம் மாற்றும் மலிவுக் கயிறு, பல வருடம் நிற்கும் கயிற்றைவிடச் செலவு கூடியதாகலாம்.

கயிறு அறும் அளவு என்பது புதுக் கயிற்றின் அளவு. முடிச்சுப் போட்டால் ஏறத்தாழப் பாதிப் பலம் போய்விடும். புரிகளைப் பிரித்துப் பின்னி வளையம் செய்தால் பெரும்பகுதி பலம் தங்கும். வள்ளத்தின் விளிம்பில் உரசல், புரிக்குள் புகும் மணல், திடீர் இழுப்பு எல்லாம் மிச்சத்தையும் தின்னும். எனவே 2,000 கிலோவில் அறும் கயிற்றை ஐந்தில் ஒரு பங்கான 400 கிலோவுக்கு மேல் நம்பக் கூடாது. ஆளைத் தூக்கும் வேலைக்கு இந்தக் கணக்கும் போதாது.

கொள்முதல் செய்யும்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கயிற்றில் ஒரு சாண் வெட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்றுக் குமிழியைப் பிழிந்து விடுங்கள். மிதந்தால் அது நைலோனும் அல்ல, பொலியெஸ்டரும் அல்ல. தாழ்ந்தால் பாரம் கொடுத்து இழுத்துப் பாருங்கள். நன்றாக நீண்டால் நைலோன். கடை வாசலில் மாதக்கணக்கில் வெயிலில் தொங்கிய சுருளை விரலால் தேய்த்துப் பாருங்கள். தூள் கொட்டினால் அந்தச் சுருளைக் கடலுக்கு விற்காதீர்கள். வேலிக்கோ பந்தலுக்கோ, காரணத்தைச் சொல்லி, குறைந்த விலைக்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு சுருளிலும் வகை, தடிப்பு, எந்த வேலைக்கு என்று ஒரு அட்டையில் தமிழில் எழுதித் தொங்கவிட அதிக செலவு பிடிக்காது. "பாய்க்கா, நங்கூரத்துக்கா, வலைக்கா?" என்று கேட்டுவிட்டுக் கயிறு வெட்டும் கடையைக் கடற்கரை மக்கள் மறக்க மாட்டார்கள்.