முப்பது ஷில்லிங் சம்பாத்தியம்

பெசன்ட் நகர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? வேளாங்கண்ணி மாதா கோயில், அஷ்டலக்ஷ்மி கோயில், கடற்கரைச் சுண்டல். செம்பாக்கத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் வேளச்சேரி வழியாகக் குழந்தை குட்டிகளுடன் அங்கே போய் வருகிற குடும்பங்கள் அநேகம். அந்தப் பெயருக்குரிய அன்னி பெசன்ட் அம்மையார் பிரம்மஞான சங்கத்தின் தலைவி, 1917-ல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணி என்றெல்லாம் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் ஒரு பத்திரிகை முதலாளி என்பதைப் பாடப் புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. நமக்கு அதுதானே ருசியான சங்கதி!

1847-ல் லண்டனில் பிறந்தவர்; இருபதாவது வயதில் ஒரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். சமையலிலும் குடித்தனத்திலும் மனம் ஒட்டவில்லை. ஒரு கதை எழுதி, 'பாமிலி ஹெரால்ட்' என்ற குடும்பப் பத்திரிகைக்கு அனுப்பினார். (ஆம் சகோதரிகளே, இப்போது உங்கள் மடியில் இருப்பதைப் போன்ற பத்திரிகைதான்.) முப்பது ஷில்லிங்குக்குச் செக் வந்தது. தம் சொந்தச் சம்பாத்தியம் என்று பூரித்துப் போனார். மனைவி சம்பாதித்தது சட்டப்படி கணவனுக்கே சொந்தம் என்பது அப்புறந்தான் அவருக்குத் தெரிந்தது!

நாளடைவில் மத நம்பிக்கை தளர்ந்தது. கோயிலில் நற்கருணை வாங்க வேண்டும், இல்லையேல் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றார் கணவர். 1873-ல் அம்மையார் வெளியேறினார். மகன் தகப்பனிடம் இருந்தான்; சின்னப் பெண் மேபல் தாயுடன் வந்தாள்.

அதன் பிறகு பேனாதான் சோறு போட்டது. சார்லஸ் பிராட்லா என்ற சீர்திருத்தவாதியுடன் சேர்ந்து ஒரு பிரசுராலயம் தொடங்கினார். 1877-ல் இருவரும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு பழைய புத்தகத்தை மறுபடி அச்சிட்டார்கள். ஆபாசம் என்று வழக்கு வந்தது. அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். தண்டனை அப்பீலில் ரத்தாயிற்று. வழக்கின் பரபரப்பில் மூன்று மாதத்தில் 1,25,000 பிரதிகள் விற்றனவாம்! ஆனால் இத்தகைய தாயிடம் பெண் குழந்தை வளரலாகாது என்று 1878-ல் நீதிமன்றம் மேபலைப் பிரித்துக் கணவரிடம் கொடுத்துவிட்டது. அப்போது குழந்தைக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. எந்த விற்பனை அதற்கு ஈடாகும்? (வளர்ந்த பின் மகனும் மகளும் தாயைத் தேடி வந்தார்கள்.)

1888-ல் 'தி லிங்க்' என்ற சின்னஞ்சிறு வாரப் பத்திரிகையில், தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவல நிலையை எழுதினார். அந்தப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்து வெற்றியும் கண்டார்கள்.

1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 46. நம்மில் பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது! அடையாற்றையே வீடாக்கிக்கொண்டார். எல்லோரும் அவரைக் கொண்டாடிவிடவில்லை. புதுச்சேரியிலிருந்த பாரதியார் 'பொன்வால் நரி' என்று ஆங்கிலத்தில் ஒரு நையாண்டியே எழுதினார். ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் திருப்பித் தரும்படி அவர்கள் தகப்பனார் அம்மையார் மீது வழக்குத் தொடர்ந்தார். இங்கே தோற்ற அம்மையார், 1914-ல் லண்டன் பிரிவி கவுன்ஸிலில் ஜயித்தார். குழந்தையைப் பறிகொடுத்த தாய் அந்தத் தகப்பனின் மனத்தை அறியாதிருப்பாரா? எனக்கு இது புரிந்ததே இல்லை.

அதே 1914-ல், 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' என்ற பழைய தினசரியை விலைக்கு வாங்கி, 'நியூ இந்தியா' என்று பெயரிட்டார். சுயாட்சி வேண்டும் என்று தினமும் முழங்கிற்று அது. சர்க்கார் பார்த்துக்கொண்டிருக்குமா? பத்திரிகைச் சட்டத்தின்படி 1916 மே மாதம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. ஆகஸ்டில் அதைப் பறிமுதல் செய்து, 10,000 ரூபாய் கட்டச் சொன்னது. கட்டினார், பத்திரிகை நிற்கவில்லை. ஹைகோர்ட்டிலும் பிரிவி கவுன்ஸிலிலும் போராடித் தோற்றார். 1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரைக் காவலில் வைக்க உத்தரவிட்டார், ஊட்டிக்குப் போனார். தேசமெங்கும் கண்டனம் கிளம்பவே, செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை!

காந்திஜியின் ஒத்துழையாமையை அவர் ஏற்கவில்லை. ஜனங்கள் காந்திஜி பக்கம் போய்விட்டார்கள். ஆனால் 1917-ல் அவர் தலைமையில் அடையாற்றில் பிறந்த இந்திய மாதர் சங்கம், மறு வருஷமே 'ஸ்திரீ தர்மம்' என்ற பத்திரிகையைத் தொடங்கியது. ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் அதில் இடம் பெற்றன. பிற்காலத்தில் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி.