அமெரிக்க அரசின் ஒரே பையில் வணிகமும் நீதியும் அறிவியலும்

2025 அக்டோபரில் அமெரிக்க அரசின் அலுவலகங்கள் பல மூடப்பட்டபோது, நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அவ்வளவு பணக்கார நாடாயிற்றே, அரசாங்க ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவா பணம் இல்லை?" மத்திய அரசின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. நம் குடும்பங்களில் பலருக்கு அங்கே படிக்கும் பிள்ளையோ, வேலை பார்க்கும் பெண்ணோ, பேரக்குழந்தையோ இருக்கிறார்கள். எனவே சற்று விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

பதில் சுருக்கமானது. பணம் இருந்தது, அதை எடுக்கும் அனுமதிதான் இல்லை. சட்டப்படி ஒதுக்கீடு செய்யப்படாமல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 114ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. விதி இரண்டு நாட்டிலும் ஒன்று. ஆனால் அந்த அனுமதியைப் பெறும் வழி வேறு. அந்த வழியைப் புரிந்துகொள்ள, அவர்கள் ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டிய பன்னிரண்டு நிதி மசோதாக்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் "வணிகம், நீதி, அறிவியல்".

பன்னிரண்டு பைகள்

இங்கே பிப்ரவரி முதல் தேதி நிதியமைச்சர் பட்ஜெட் படித்தால், ஏறக்குறைய அதுவே நடக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே ஜனாதிபதி அனுப்பும் பட்ஜெட் வெறும் வேண்டுகோள். முடிவு செய்வது காங்கிரஸ், அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த அவர்களுடைய பாராளுமன்றம். ஒவ்வொரு சபையிலும் ஒதுக்கீட்டுக் குழு ஒன்று உண்டு. அதன் கீழ் பன்னிரண்டு துணைக்குழுக்கள். ஆண்டின் மொத்தத் தொகையை முதலில் பன்னிரண்டாகப் பங்கு போட்டு, ஆளுக்கொரு பை என்று கொடுத்துவிடுவார்கள். துணைக்குழு தன் பைக்குள்தான் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். நிதியாண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. அதற்குள் பன்னிரண்டு மசோதாக்களும் இரு சபைகளிலும் நிறைவேறி ஜனாதிபதியின் கையெழுத்தைப் பெற வேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட பைக்குள் என்னென்ன இருக்கிறது? வணிகத்துறை என்றால் ஏற்றுமதி இறக்குமதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். வானிலை நிலையங்கள், கடல் ஆய்வு, பத்தாண்டுக்கொரு முறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கு, எடை அளவுகளுக்கு நியமம் வகுக்கும் நிலையம், காப்புரிமை அலுவலகம் எல்லாம் அதில் அடக்கம். நீதித்துறையில் எஃப்.பி.ஐ., போதைப்பொருள் தடுப்புப் பிரிவு, மத்திய அரசு வழக்கறிஞர்கள், மத்தியச் சிறைகள். வேடிக்கை என்னவென்றால், நீதிமன்றங்கள் இந்தப் பையில் இல்லை. அவற்றுக்கு வேறு மசோதா. அறிவியல் என்ற தலைப்பில் நாசா விண்வெளி நிறுவனமும் தேசிய அறிவியல் நிறுவனமும். இவை தவிர, ஏழைகளின் வழக்குகளுக்கு உதவும் சட்ட உதவிக் கழகம் போன்ற சில சிறிய அமைப்புகளும் உண்டு.

விண்கலமும் சிறைச்சாலையும் ஒரே பைக்குள் எப்படி வந்தன என்று கேட்டால், அதற்குத் தத்துவம் எதுவும் இல்லை. முன்பு வணிகத்துறையோடும் நீதித்துறையோடும் இருந்தது வெளியுறவுத்துறை. நாசாவும் தேசிய அறிவியல் நிறுவனமும் முன்னாள் படைவீரர் நலத்தோடும் வீட்டுவசதியோடும் வேறொரு மசோதாவில் இருந்தன. 2005இல் துணைக்குழுக்களை மாற்றியமைத்தபோது அவை இடம் மாறின. 2007 முதல் இரு சபைகளிலும் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கின்றன.

ஒரே சம்பளக் கவரில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதன் விளைவைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. கைதிகளுக்குச் சோறு போடாமல் இருக்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கு அரசியல் சட்டத்தின் கட்டளை. புயல் எச்சரிக்கையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. ஆகவே எதைத் தள்ளிப்போடலாம் என்று தேடும்போது முதலில் கண்ணில் படுவது ஆராய்ச்சி. 2011 ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் இந்தத் துணைக்குழு, செலவு எல்லை மீறிப்போய்விட்டது என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கித் திட்டத்தையே கைவிட முன்மொழிந்தது. விஞ்ஞானிகள் எழுதினார்கள், பேசினார்கள். செனட் துணைக்குழு அதற்குப் பணம் ஒதுக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் நிறைவேறிய சட்டத்தில் திட்டம் பிழைத்துக்கொண்டது. 2021 டிசம்பர் 25 அன்று விண்ணுக்குப் போன அந்தத் தொலைநோக்கி அனுப்பிய படங்களை நம் வீட்டுக் குழந்தைகளும் பார்த்து வியந்தார்கள்.

ஒரு வரி செய்யும் வேலை

ஒதுக்கீட்டுச் சட்டம் தொகையை மட்டும் சொல்வதில்லை. "இந்தப் பணத்தில் இதைச் செய்யாதே" என்றும் சொல்லும். 2011இல் இந்தத் துணைக்குழுவின் தலைவராக இருந்த ஃபிராங்க் உல்ஃப், தனி அனுமதி இல்லாமல் நாசா சீன அரசோடு இருதரப்புக் கூட்டுப்பணி எதுவும் செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்தைச் சேர்த்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டுக்கு ஆண்டு அது மசோதாவில் ஏறிக்கொண்டே வந்தது. மருத்துவத்துக்காகக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களின் சட்டங்களைத் தடுக்க நீதித்துறை தன் பணத்தைச் செலவிடக் கூடாது என்ற ஷரத்து 2014இல் புகுந்தது. தனிச்சட்டம் இயற்ற வேண்டிய விஷயங்கள், நிதி மசோதாவின் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன.

கொடுக்கும் பக்கமும் அப்படியே. 2015 முதல் 2018 வரை துணைக்குழுத் தலைவராக இருந்த டெக்ஸாஸ் மாநிலத்து ஜான் கல்பர்சனுக்கு, வியாழன் கிரகத்தின் யூரோப்பா என்ற சந்திரனில் அலாதி ஈடுபாடு. நாசா கேட்டதற்கும் அதிகமாக அந்தப் பயணத்துக்குப் பணம் ஒதுக்க வைத்தார். 2018 தேர்தலில் அவர் தோற்றுப் போனார். விண்கலம் மட்டும் 2024 அக்டோபரில் யூரோப்பாவை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

கதவு ஏன் மூடுகிறது?

1977 நிதியாண்டு முதல்தான் அவர்களுடைய ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது. அன்று முதல் நிதி மசோதாக்கள் எல்லாம் கெடுவுக்குள் நிறைவேறிய ஆண்டுகள் நான்கே: 1977, 1989, 1995, 1997. மற்ற ஆண்டுகளில், "பழைய விகிதத்திலேயே இன்னும் சில வாரம் செலவழியுங்கள்" என்று தற்காலிகச் சட்டம் போட்டுத் தள்ளுகிறார்கள். அந்தத் தற்காலிகச் சட்டமும் நிறைவேறாவிட்டால் கதவடைப்பு.

முன்பெல்லாம் இப்படி இடைவெளி விழுந்தாலும் அலுவலகங்கள் ஒருவாறு நடந்துகொண்டுதான் இருந்தன. 1980இலும் 1981இலும் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி கறாராகக் கருத்துச் சொன்னார்: ஒதுக்கீடு இல்லையென்றால் வேலை நிற்க வேண்டும், மனித உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பான பணிகளுக்கு மட்டுமே விலக்கு. அதன் பிறகுதான் கதவடைப்பு என்பது நிஜமாயிற்று. 1995-96இல் 21 நாள், 2013இல் 16 நாள், 2018-19இல் 35 நாள், 2025இல் 43 நாள்.

2018-19இல் நிறைவேறாமல் கிடந்த ஏழு மசோதாக்களில் நம்முடைய இந்த மசோதாவும் ஒன்று. ஏறத்தாழ 8 லட்சம் ஊழியருக்குச் சம்பளம் நின்றது. நாசா ஊழியரில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விலக்குப் பெற்றவர்கள் நிலை அதைவிட மோசம். சிறைக் காவலரும், எஃப்.பி.ஐ. அதிகாரியும், வானிலை முன்னறிவிப்பாளரும் சம்பளம் இல்லாமலேயே வேலைக்கு வர வேண்டியிருந்தது. இத்தகைய நாட்களுக்குரிய சம்பளத்தைக் கதவு திறந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று 2019இல் சட்டம் வந்தது. ஆனால் ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்யும் துப்புரவாளருக்கும் காவலாளிக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குப் போனது போனதுதான்.

நம் பிள்ளைகளைத் தொடும் இடம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அறிவியலோ பொறியியலோ ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு மாதாமாதம் வரும் தொகை, பெரும்பாலும் அவருடைய பேராசிரியர் வாங்கிய ஆராய்ச்சி மானியத்திலிருந்து வருவது. அந்த மானியம் கொடுக்கும் பெரிய அமைப்புகளில் ஒன்று தேசிய அறிவியல் நிறுவனம். அதன் பணம் இந்தப் பையிலிருந்துதான். ஒதுக்கீடு எவ்வளவு என்று தெரியாவிட்டால் பேராசிரியர் புதிய மாணவரை எடுக்கத் தயங்குவார். இங்கே ஒரு குடும்பம் கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

அண்மைக் கணக்கைப் பாருங்கள். 2024 நிதியாண்டில் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு 906 கோடி டாலர். நாசாவுக்குச் சுமார் 2,487 கோடி டாலர். அந்தச் சட்டம் கையெழுத்தானதே 2024 மார்ச்சில், ஐந்து மாதம் தாமதமாக. 2026 நிதியாண்டுக்கு ஜனாதிபதி கேட்டதோ அறிவியல் நிறுவனத்துக்குச் சுமார் 390 கோடியும் நாசாவுக்குச் சுமார் 1,880 கோடியும். பாதிக்கும் மேல் ஒரு வெட்டு, கால் பங்கு அளவுக்கு இன்னொரு வெட்டு. போதாக்குறைக்கு, 2025இல் ஏற்கெனவே வழங்கிய மானியங்கள் பலவும் பாதியில் ரத்தாயின. காங்கிரஸ் அந்த வெட்டை ஏற்கவில்லை. 2026 ஜனவரியில் சட்டமானபோது அறிவியல் நிறுவனத்துக்கு 875 கோடியும் நாசாவுக்கு 2,440 கோடியும் கிடைத்தன. இரண்டு கட்சியினரும் சேர்ந்துதான் வாக்களித்தார்கள். வேண்டுகோள் வேறு, ஒதுக்கீடு வேறு என்று மேலே சொன்னதன் பொருள் இதுதான். ஆனாலும் வேண்டுகோளுக்கும் சட்டத்துக்கும் இடையே போன மாதங்களில் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் ஆள் எடுக்காமல் காத்திருந்தன. அந்த மாதங்களை எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

அங்கே அப்படி, இங்கே?

நம் நாட்டில் ஏன் இப்படி நடப்பதில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, லோக்சபாவில் பெரும்பான்மை உள்ளவர்களே அரசு நடத்துகிறார்கள். நிதி மசோதாவில் தோற்றால் அரசே கவிழும். அங்கே ஜனாதிபதி தனியாகவும் காங்கிரஸ் தனியாகவும் தேர்ந்தெடுக்கப்படுவதால், முட்டிக்கொண்டாலும் யாரும் பதவி இழப்பதில்லை. போதாததற்கு, நூறு பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடிக்கவே அறுபது ஓட்டு வேண்டும். இரண்டு, நம் அரசியல் சட்டத்தின் 116ஆவது பிரிவில் "வோட் ஆன் அக்கவுண்ட்" என்ற முன்பண ஏற்பாடு இருக்கிறது. முழு ஒதுக்கீடு தாமதமானாலும் சம்பளம் நிற்காது. என் அலுவலக வாழ்க்கையில் அரசுகள் கவிழ்ந்ததுண்டு. ஒரு மாதச் சம்பளம்கூடத் தவறியதில்லை.

இதில் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. மானியக் கோரிக்கைகள் ஒவ்வொன்றையும் லோக்சபா விவாதிக்க நேரம் இருப்பதில்லை. குறித்த நாளில், பேசியது பேசாதது எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டுக்கு விட்டு முடிப்பார்கள். அதற்குக் "கில்லட்டின்" என்று பெயர். 2018இலும் 2023இலும் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் எல்லாமே அப்படி நிறைவேறின. நம் விண்வெளித்துறை, சட்டத்துறை, வணிகத்துறை எல்லாம் அதில் அடக்கம். அங்கே சண்டை முற்றிக் கதவு மூடுகிறது. இங்கே கதவு மூடுவதில்லை, சண்டையும் நடப்பதில்லை. இரண்டாவதும் ஒரு குறைதான், சத்தம் போடாத குறை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

ஆறுதலுக்கு ஒன்று உண்டு. 1993இல் துறைவாரியான நிலைக்குழுக்கள் ஏற்பட்டன. வணிகத்துக்கு ஒன்று, சட்டம் நீதிக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று. ஒவ்வொரு ஆண்டும் இவை அந்தந்தத் துறையின் மானியக் கோரிக்கையை வரி வரியாகப் பார்த்து, கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, செலவழிக்காமல் திரும்பியது எவ்வளவு என்று அறிக்கை தருகின்றன. அறிக்கைகள் அச்சாகின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்த நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் வேலை செய்கிறார்கள். அமெரிக்காவில் எந்தக் குழு எந்தப் பணத்தை வெட்டியது என்று ஆர்வமாக விசாரிக்கும் நாம், இந்த மூன்று அறிக்கைகளில் ஒன்றையாவது இந்த ஆண்டு புரட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் என்ன?