வீரியம் குறைத்த பிறகே மருந்தானது

மருத்துவ அட்டை தோலைக் கடித்தால் மூன்று தாடைகளின் தடமும் மூன்று கீறலாக ஓரிடத்தில் கூடி நிற்கும். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வயிறு நிறைந்து அட்டை தானாக விழுந்துவிடும். காயமோ பல மணி நேரம் கசிந்துகொண்டே இருக்கும். அட்டையிலிருந்து எடுத்த சாறு ரத்தத்தை உறையவிடுவதில்லை என்று 1884-ல் ஜான் ஹேகிராஃப்ட் காட்டினார். அதற்குக் காரணமான ஹிருடின் என்ற புரதத்தைத் தூய நிலையில் பிரித்தெடுத்தவர் 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் மார்க்வார்ட். ரத்தம் குடிக்கும் உயிர்களின் எச்சில் இயற்கை நமக்காகத் தயாரித்து வைத்த மருந்து என்ற பேச்சு உண்டு. ஹிருடினின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அட்டைக்கு உதவும் அதே வீரியம் நோயாளிக்கு ஆபத்தானது; அதைக் குறைத்த பிறகுதான் நல்ல மருந்து பிறந்தது.

ரத்தம் உறைவதன் கடைசிக் கட்டத்தில், கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை நூல் நூலாகத் திரளும் ஃபைப்ரினாக மாற்றுவது த்ராம்பின் என்னும் நொதி. சுமார் 65 அமினோ அமிலங்கள் கொண்ட ஹிருடின் அந்த நொதியை இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். பற்றினால் எளிதில் விடாது. ரத்தம் உறைவதைத் தடுக்க வழக்கமாகப் போடும் ஹெப்பாரின் ஊசி சிலருக்கு ஒவ்வாமல் போய், ரத்தத் தட்டுகள் குறைந்தும் ரத்தக்கட்டி உருவாகும் விபரீத நிலை ஏற்படும். அவர்களுக்காகவே ஹிருடின் மரபணுவை ஈஸ்டில் செலுத்தித் தயாரித்த லெபிருடின் 1997-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அது பல உயிர்களைக் காத்தது என்பதை மறுக்கக்கூடாது. ஆனால் ரத்தக்கசிவு தொடங்கினால் லெபிருடினை முறிக்க மாற்று மருந்து கிடையாது. சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவர்களின் உடலிலேயே அது தேங்கிவிடும். பலருக்கு அதற்கு எதிரான ஆன்டிபாடிகளும் உருவாயின. 2012-ல் விற்பனை நின்றது.

பிழைத்து நின்றது பைவாலிருடின். ஹிருடினின் பிடி எப்படி அமைகிறது என்று பார்த்து, வெறும் 20 அமினோ அமிலங்களில் செயற்கையாக உருவாக்கியது. த்ராம்பினே இதை மெல்ல வெட்டித் தன்னை விடுவித்துக்கொள்ளும். சிறுநீரகம் நன்றாக இயங்குபவரின் ரத்தத்தில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை மருந்தின் அளவு பாதியாகும். ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவருக்கு வேண்டியது இதுதான்: ஸ்டென்ட் வைக்கும்வரை ரத்தம் உறையக் கூடாது, வைத்த பிறகு உறையும் திறன் விரைவில் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் 2000-ல் பைவாலிருடினுக்கு அனுமதி கிடைத்தது.

அப்படியானால் மருத்துவமனைகளில் உயிருள்ள அட்டையையே விடுகிறார்களே என்று கேட்கலாம். சித்த மருத்துவத்தின் அட்டை விடலும் பழையது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2004-ல் அட்டைக்கு அனுமதி தந்தது. வெட்டுண்ட விரலைத் தைத்த பின் சிரை வழியே ரத்தம் வடியாமல் விரல் நீலம் பாரித்தால், அட்டை அந்தத் தேக்கத்தை இறக்கிவிடும். இங்கே எச்சில் வேலை செய்வது கடித்த இடத்தில் மட்டும், சிறிய அளவில். அது அட்டையின் இயல்பான தொழில். உடல் முழுக்கச் சுற்றவிடும் ஊசி மருந்தின் கதை வேறு. கடித்த இடத்தில் கூட அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமிக்காக முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி கூர்மையானது: த்ராம்பினை அடக்கும் டாபிகாட்ரான் போன்ற மாத்திரைகளை வேதியியலாளர்களே செய்துவிட்டபோது ரத்தம் குடிக்கும் உயிர்களை எதற்கு ஆராய வேண்டும்? எந்த இடத்தில் அடைத்தால் போதும் என்று காட்டுவதற்கு. ஹெப்பாரின் வேலை செய்ய ஆன்டித்ராம்பின் என்ற துணைப் புரதம் தேவை. துணையே இல்லாமல் த்ராம்பினை நேராக அடக்கலாம் என்பதற்கு ஹிருடின் சாட்சி. ஆப்பிரிக்க உண்ணி ஒன்றிலிருந்து 1990-ல் அறிவிக்கப்பட்ட சிறு புரதம், காரணி பத்து-ஏ என்ற ஒரே நொதியைத் தடுத்தாலே ரத்தக்கட்டியைத் தவிர்க்கலாம் என்று விலங்குச் சோதனைகளில் காட்ட உதவியது. அந்தப் புரதம் மருந்தாகவில்லை. அதே நொதியைத் தடுக்கும் ரிவரோக்சபானும் அபிக்சபானும் இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரைகள்.