நகலெடுத்த வரி எங்கே போயிற்று?

கணிப்பொறியில் 'விம்' என்னும் எடிட்டரைத் திறந்து ஒரு வரியை நகலெடுக்கிறீர்கள். பிறகு மின்னஞ்சல் சாளரத்துக்கு வந்து ஒட்டுகிறீர்கள். வந்து விழுவதோ சற்று முன் வேறெங்கோ நகலெடுத்த வாக்கியம்! உங்கள் வரி எங்கே போயிற்று?

அது தொலைந்து போகவில்லை. வேறொரு பெட்டியில் இருக்கிறது. விம்முக்கு முன்னோடி 'வி-ஐ' என்ற எடிட்டர். 1976இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் என்பவர் அதை எழுதினார். அன்றைய டெர்மினல் என்பது திரையும் விசைப்பலகையும் மட்டுமே. கம்பி வழியாக எழுத்துகள் போகும், வரும், அவ்வளவுதான். எனவே எடிட்டர் தனக்கென்று பெட்டிகள் வைத்துக்கொண்டது. அவற்றுக்கு 'ரெஜிஸ்டர்' என்று பெயர். 1991இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலினார் வெளியிட்ட விம்மும் இவ்வழக்கத்தையே பின்பற்றியது. ஆனால் மற்ற நிரல்கள் எல்லாம் பயன்படுத்தும் கிளிப்போர்டு, சாளர அமைப்பைச் சேர்ந்தது. ஒரே வீட்டில் இரண்டு அலமாரிகள் இருப்பது போலத்தான் இதுவும்!

இரண்டையும் இணைக்கும் கதவு, கூட்டல் குறியைப் பெயராகக் கொண்ட ரெஜிஸ்டர். இரட்டை மேற்கோள் குறி, கூட்டல் குறி, பிறகு 'ஒய்' விசை இருமுறை: இப்படித் தட்டினால் வரி நேரே கிளிப்போர்டுக்குப் போய்விடும். கடைசியில் 'ஒய்'க்குப் பதில் 'பி' விசையை ஒருமுறை தட்டினால், அங்குள்ளது எடிட்டருக்குள் வரும்.

சரி, விம் தொலைவிலுள்ள வேறொரு கணிப்பொறியில் ஓடினால்? உங்கள் கிளிப்போர்டு இருப்பதே அதற்குத் தெரியாது. இணைப்பின் வழியே எழுத்துகள் மட்டுமே வரும். இங்கேதான் 'ஓ.எஸ்.சி. 52' என்ற உத்தி கைகொடுக்கிறது. தொலைக் கணிப்பொறி ஒரு சிறப்புக் குறியை முதலில் அனுப்புகிறது. 'இனி வருவதைத் திரையில் காட்டாதே, கிளிப்போர்டில் வை' என்பது அதன் பொருள். இதைப் புரிந்துகொள்ளும் டெர்மினல் நிரல் அவ்வாறே செய்கிறது.

வழியில் சிதையாமலிருக்க, உரையின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எளிய குறிகளாக மாற்றப்படும். இதற்கு 'பேஸ் 64' என்று பெயர். நம் 'அ' எழுத்து யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட்டுகள் கொண்டது. அது '4, கே, 6, எஃப்' என்று பயணம் செய்கிறது!

இந்த வழியில் ஓர் ஆபத்தும் உண்டு. கிளிப்போர்டில் எழுதலாம் என்றால், அதில் உள்ளதைப் படித்துக் காட்டும்படியும் தொலைக் கணிப்பொறி கேட்கலாம் அல்லவா? சற்று முன் உங்கள் கடவுச்சொல்லை நகலெடுத்திருந்தால் என்ன ஆகும்? ஆகவேதான் பல டெர்மினல் நிரல்கள் எழுத மட்டும் இடம் கொடுத்து, படிப்பதைத் தடுத்துவிடுகின்றன.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். விம்மின் பதிப்பு விவரப் பட்டியலில் 'கிளிப்போர்டு' என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் முன் கூட்டல் குறி இருந்தால் அந்தக் கதவு உண்டு. கழித்தல் குறி இருந்தால் உங்கள் விம் அக்கதவு இல்லாமலேயே உருவாக்கப்பட்டது என்று பொருள்.