தவணை சிறியது, கடன் பெரியது



நமது ஊரில் இன்று புதிய வண்டி வாங்கப் போகிறவர் “விலை என்ன?” என்று கேட்பது அபூர்வம். “மாதம் எவ்வளவு கட்டவேண்டும்?” என்பதே முதல் கேள்வி. வண்டி விலை ஏறிக்கொண்டே போனாலும் விற்பனை நடப்பதன் ரகசியம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இது எத்தனை நாள் தாங்கும், கடன் கொடுத்துச் சரக்கு விற்கும் நமக்கு இதில் என்ன ஆபத்து என்பதைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

விலை ஏறியதற்குக் காரணங்கள் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்கவேண்டும் என்றானது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாடு விதி வந்தது. காற்றுப்பை போன்ற பாதுகாப்புச் சாதனங்களும் கட்டாயமாயின. நாம் “குட்டி யானை” என்று அழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது விலை சுமார் இரண்டேகால் லட்சம். 2025-இல் அதே நிறுவனம், விலை குறைந்த வண்டி என்றே சொல்லி அறிமுகம் செய்த ஏஸ் ப்ரோவின் ஆரம்ப விலை 3.99 லட்சம். பதிவு, காப்பீடு தனி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கும் சிறிய காருக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல நிவாரணம். ஆனால் அது ஒருமுறை கிடைத்த இறக்கம்; வருடாவருடம் கிடைப்பதல்ல.

விலைக்கும் வாங்குபவர் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியை எப்படி நிரப்புகிறார்கள்? தவணைக் காலத்தை நீட்டித்துத்தான். ஐந்து லட்சம் கடன், வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதமானால் தவணை 16,607 ரூபாய். மொத்த வட்டி 97,857. 60 மாதமானால் தவணை 11,122, வட்டி 1,67,333. 84 மாதமானால் தவணை 8,826தான். ஆனால் வட்டி 2,41,000-க்கு மேல். தவணை பாதியாகத் தெரிகிறது, வட்டியோ இரண்டரை மடங்கு!

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 84 மாதக் கடனில் இரண்டு வருடம் தவறாமல் 2,11,800 ரூபாய் கட்டியவருக்கு அசலில் குறைவது சுமார் 1,03,000 மட்டுமே. பாக்கி ஏறத்தாழ 3,97,000 நிற்கும். இரண்டு வருடம் சுமை ஏற்றிய வண்டி அந்த விலைக்குப் போகுமா? வண்டியை விற்றாலும் கடன் தீராத நிலைமை இப்படித்தான் உண்டாகிறது.

நம்மிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர் ஒருவர் கிராமங்களுக்குச் சரக்கு போடவும், பௌர்ணமி நாட்களில் வாடகைக்கு ஓட்டவும் வண்டி வாங்கினார். கார்த்திகை தீப மாத வசூலைப் பார்த்துத் தவணை முடிவு செய்தார். மழைக்காலத்தில் ஓட்டம் குறைந்தது, இன்ஜின் வேலையும் வந்தது. மூன்று தவணை நின்றது, வண்டி போயிற்று. ஏலத்தொகை கடனுக்குப் போதாமல் மீதிக்கும் நோட்டீஸ் வந்தது. நமது பாக்கி நாற்பதாயிரம் இன்னும் பேரேட்டில் நிற்கிறது.

அவர் நாணயமானவர். ஆனால் வண்டிக் கடன் கட்டாவிட்டால் வண்டி போய்விடும். மளிகைப் பாக்கி கொடுக்காவிட்டால் நாம் முகம் சுளிப்போம், அவ்வளவே. ஆகவே எவரும் தவணையை முதலில் கட்டி, நம்மைக் கடைசியில் நிறுத்துகிறார். வண்டிக் கடன் தவறும் செய்தி நமக்கு வந்து சேரும்போது, நமது பாக்கி பல மாதம் முன்பே தேங்கியிருக்கும்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமன்று. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் புதிய காரின் சராசரி விலை 50,000 டாலரைத் தாண்டியது. அதே மாதம், வசதி குறைந்தவர்களுக்குப் பழைய கார்களைக் கடனில் விற்றுவந்த ட்ரைகலர் நிறுவனம் திவாலானது. நம் நாட்டிலும் 2018-இல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் கடன் தவறியபோது நிதி நிறுவனங்கள் கையை இறுக்கின. 2019-இல் வாகன விற்பனை சரிந்தது. தவணையை எவ்வளவுதான் நீட்டினாலும் வண்டியின் ஆயுளுக்கு மேல் நீட்ட முடியாது. அந்த எல்லையில் இது நின்றே தீரும் என்பதே நமது கருத்து.

அப்படியானால் வண்டியே வாங்கக்கூடாதா? வாங்கலாம். சில விஷயங்களைப் பார்த்து வாங்கவேண்டும்.

ஒன்று: நல்ல மாத வசூலை விட்டுவிட்டு, வருடத்தில் மிக மந்தமான மாதத்தை வைத்துத் தவணையை முடிவு செய்யுங்கள். 2020-இல் கொரோனாவால் கிரிவலம் மாதக்கணக்கில் தடைபட்டதை மறக்கவேண்டாம். அப்போது ரிசர்வ் வங்கி ஆகஸ்டு வரை தவணைக்கு அவகாசம் தந்தது. ஆனால் வட்டி நிற்கவில்லை.

இரண்டு: “7 சதவீதம் பிளாட் வட்டி” என்றால் மயங்கவேண்டாம். ஐந்து வருடக் கடனில் அது, குறையும் அசலுக்கு 12.5 சதவீத வட்டிக்குச் சமம். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும், எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி வீதத்தைக் காட்டும் விவரத் தாள் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மூன்று: தவணை தவறும் என்று தெரிந்தால் 90 நாள் ஆகும்வரை ஒளியாதீர்கள், அதன்பின் வாராக்கடன் கணக்கில் போய்விடும். முன்பே சென்று பேசுங்கள். வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. கடன் தீர்ந்ததும் படிவம் 35 பெற்று ஆர்.சி. புத்தகத்தில் அடமானக் குறிப்பை நீக்குவதும் அவசியம்.

நான்கு: வாடிக்கையாளர் புது வண்டி வாங்கினால் இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள், அன்றே அவர் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கடன் வரம்பைக் கூட்டும் நாள் அதுவன்று.

யானையைக் கட்டித் தீனி போடுவது கடினம் என்பார்கள். குட்டி யானைக்கும் அது பொருந்தும்.