சொல்லாமல் போன அப்பா



காலையில் டிபன் டப்பாவோடு குரோம்பேட்டை நிலையத்துக்கு நடந்து, மின்சார ரயில் ஏறி வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பவில்லை. நடுப்பகலில் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் வருகிறது: மாரடைப்பு. இப்படிச் செய்தி வந்த வீடு நம் எல்லாருக்கும் தெரியும். நம்மில் சிலருக்கு அது நம் சொந்த வீடே.

அடக்கம் முடிந்து உறவினர் கலைந்த பிறகும் அந்த வீட்டில் சில கேள்விகள் தங்கிவிடுகின்றன. “பாவசங்கீர்த்தனம் இல்லாமல், நோயில்பூசுதல் இல்லாமல் போய்விட்டாரே” என்று மனைவி கலங்குகிறார். “அன்று காலை அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையே” என்று மகன் தனக்குள் குமைகிறான். “நான் பக்கத்தில் இருந்திருந்தால்...” என்று மகள் அழுகிறாள்.

இதே வேதனையை நற்செய்தியிலும் காண்கிறோம். யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் மார்த்தாவும் மரியாவும், ஒருவர் பின் ஒருவராக, இயேசுவிடம் ஒரே குறையைச் சொல்கிறார்கள். அவர் அங்கே இருந்திருந்தால் தங்கள் சகோதரர் இறந்திருக்க மாட்டார் என்கிறார்கள். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. லாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அவர் கண்ணீர் விட்டார். ஆகவே, நம்பிக்கையுள்ளவர்கள் அழக்கூடாது என்று யாரும் அந்தக் குடும்பத்தை அடக்க வேண்டாம்.

அப்படியானால், அருளடையாளம் பெறாமல் இறந்தவரின் நிலை என்ன? திடீர்ச் சாவிலிருந்து காத்தருளும்படி திருச்சபை தன் மன்றாட்டுமாலையில் தொன்றுதொட்டு வேண்டிவருகிறது. நல்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பரிடம் நம்மை ஒப்படைக்கவும் கற்றுத்தருகிறது. மறைக்கல்வி ஏடு எண் 1014 இதை விளக்குகிறது. எனினும் குரு வர இயலாமல் போனதால் கடவுளின் இரக்கமும் வராமல் போனது என்று திருச்சபை ஒருநாளும் போதித்ததில்லை. வாழ்நாளில் சில செபங்களையாவது வழக்கமாகச் சொல்லிவந்தவர், தகுந்த மனநிலையோடு இருந்தால், குரு அருகில் இல்லாத மரண வேளையிலும் நிறைபேறுபலன் அடையலாம் என்று அது வழிவகுத்திருக்கிறது. அப்பா இரவில் சொன்ன செபமாலையும், ரயிலில் உட்கார்ந்தபடி வாய்க்குள் முணுமுணுத்த அருள்நிறை மரியேயும் வீண் போகவில்லை.

இதில் நாம் அறியவேண்டிய ஒன்றும் உண்டு. நோயில்பூசுதல் உயிரோடு இருப்பவருக்கான அருளடையாளம். உயிர் பிரிந்துவிட்டதா என்ற ஐயம் இருந்தாலும் குரு அதை வழங்கலாம். எனவே ஆம்புலன்சை அழைக்கும் அதே நேரத்தில் பங்குத்தந்தையையும் அழையுங்கள். “சாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார்” என்று தள்ளிப்போட வேண்டாம்.

உயிர் பிரிந்த பிறகு அவருக்காக நாம் செய்யக்கூடியது இறைவேண்டல். இறந்த தன் வீரர்களுக்காக யூதா மக்கபே பணம் திரட்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று நாம் ஒப்புக்கொடுக்கும் திருப்பலிகளும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் இந்த நம்பிக்கையில் ஊன்றியவை. அன்று காலை பேசாமல் விட்ட மகன், திருப்பலியில் தந்தையின் பெயர் வாசிக்கப்படும்போது தன் மன்னிப்பை அவரிடம் கேட்கலாம். அன்பின் உறவு சாவோடு அறுந்துபோவதில்லை.

நவம்பர் 17 அன்று நாம் விழாக் கொண்டாடும் ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தை நினைத்துப் பார்ப்போம். 1227-இல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட அவருடைய கணவர் லூட்விக், வழியில் இத்தாலியின் ஒத்ராந்தோ நகரில் காய்ச்சலால் இறந்தார். எலிசபெத்துக்கு அப்போது வயது 20. மூன்றாவது குழந்தை வயிற்றில். செய்தி கேட்டு, உலகமே தனக்குச் செத்துவிட்டதாக அவர் கதறினார். முந்திய ஆண்டுப் பஞ்சத்தில் எலிசபெத் ஏழைகளுக்கு வாரி வழங்கியதைக் குறைசொல்லாமல் ஏற்றுக்கொண்டவர் அந்தக் கணவர். அவரை இழந்த எலிசபெத் 1228-இல் மார்பூர்க் நகரில் மருத்துவமனை ஒன்றை நிறுவி, நோயாளிகளுக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். இருவரும் சேர்ந்து விரும்பிய நன்மையைத் தனியாகத் தொடர்ந்ததே அவருடைய நினைவஞ்சலி.

நம் அப்பாவையும் இப்படியே நினைவுகூர்வோம். சுவரில் படம் இருக்கட்டும், மாலையும் இருக்கட்டும். அவர் யாருக்கோ ஓசையின்றிக் கட்டிவந்த பள்ளிக் கட்டணம், ஞாயிறுதோறும் பார்க்கப்போன முதியவர், அவர் தொடங்கி வைத்த குடும்பச் செபம் ஆகியவற்றை விடாமல் தொடர்வோம்.

பங்கு மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. அநாதைகளையும் கைம்பெண்களையும் கவனிப்பதே உண்மையான சமயப் பற்று என்பார் புனித யாக்கோபு. முப்பதாம் நாளுக்குப் பிறகுதான் அந்த வீடு மிகவும் தனிமைப்படுகிறது. அந்தச் சகோதரியைத் திருமண வீட்டில் பின்வரிசைக்கு ஒதுக்காதீர்கள். ஓய்வூதிய அலுவலகத்துக்கு அவரோடு போய்வாருங்கள். பிள்ளைகளின் படிப்பை விசாரியுங்கள். அவருடைய கணவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அதைக் கேட்க அவருக்கு ஆசை.

சொல்லாமல் போனவர்களை இரக்கமுள்ள தந்தையின் கையில் ஒப்படைப்போம். ஆமென்.