இறங்கிப்போன தோள்

ஊர்க் குளத்துப் படியில் வழுக்கியபோது வலக்கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து பார்த்தால் தோளின் உருண்டையைக் காணோம். அந்த இடம் தட்டையாகக் கிடந்தது. இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு நின்றேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இப்படி நிற்பவனைக் கண்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தோளு எறங்கியாச்சு, ஆசானக் கூப்பிடு!"

ஆசான் வந்தார். இழுக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்தேன். அவரோ முதலில் மணிக்கட்டில் நாடி பார்த்தார். பிறகு தோளின் வெளிப்புறத் தோலை விரலால் மெல்லத் தடவி, "மக்களே, தொடுதது தெரியுதா?" என்றார். மரத்துப் போயிருந்தது. "எல்லு பொட்டியிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காம நான் தொடமாட்டேன்" என்று துண்டால் கழுத்தில் தூளி கட்டி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அவர் தடவிய உள்ளங்கையளவு இடத்தின் அருமை எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று. புய எலும்பின் கழுத்தைச் சுற்றி, மூட்டுக்குக் கீழாக ஒரு நரம்பு வருகிறது. தோளுக்கு உருண்டை வடிவம் தந்து கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் முக்கோணத் தசையை இயக்குவது அதுவே. அந்தத் தோலுக்கு உணர்ச்சி தருவதும் அதுவே. எலும்பின் தலை நழுவும்போது அந்த நரம்பு இழுபடுகிறது.

தோள் ஏன் இப்படி எளிதில் நழுவுகிறது? இடுப்பில் பந்து ஆழமான கிண்ணத்தில் இருக்கிறது. தோளிலோ கிண்ணம் வெறும் தட்டு. பந்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் அதில் படியும். தோள்பட்டை எலும்பிலிருந்து வரும் நான்கு சிறு தசைகள் பந்தைச் சுற்றிப் பிடித்திருப்பதால்தான் அது நிற்கிறது. பனையேறி தலைக்கு மேல் கையை வீசிப் பிடிப்பதும், நாம் முதுகு சொறிவதும் இந்தத் தளர்ச்சியால்தான். அதற்கு விலை, உடலின் பெரிய மூட்டுகளில் மிக அதிகமாக நழுவுவது இதுவே. பத்தில் ஒன்பதுக்கு மேல் முன்பக்கமாகத்தான் நழுவும்.

இது பழைய நோய். அக்குளில் உலக்கையைக் கொடுத்துத் தூக்கி, மூட்டு இடத்தில் சேர்ந்ததும் கட்டுப் போடச் சொல்கிறது சுசுருத சம்ஹிதை. தென்திருவிதாங்கூர் ஆசான்கள் வர்மம் 108 என்பர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. காறை எலும்பின் அருகே உள்ள ஒன்றுக்குக் காக்கட்டைக் காலம் என்று பெயர். 'கா' என்பது தோளில் சுமக்கும் தண்டு. அது அழுத்தும் இடம் என்றே நான் பொருள் கொள்கிறேன். சாலையோரச் சுமைதாங்கிக் கற்களைக் கண்ட எவருக்கும் இந்நாட்டில் தோள் பட்ட பாடு தெரியும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. தோள் மட்டும் இரு மொழியிலும் தோள்தான்!

ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து மூட்டைச் சேர்த்தார்கள். எலும்பு உடையவில்லை. மூன்று வாரம் தூளி. அதன்பின் தினமும் சுவரில் விரலால் ஏணி ஏறுவதுபோல் மேலேற்றும் பயிற்சி. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். உணர்ச்சி திரும்ப நாலு மாதமாயிற்று. குணமானதும் ஆசானைப் பார்க்கப் போனேன். அவர் கையை உயர்த்தச் சொல்லவில்லை. அதே இடத்தைத்தான் முதலில் தடவினார்.